மனசு சரியில்லாத நேரத்தில் தனியாக மலைக்குப் போய் மீன் பிடிக்க: முதன்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மஸ்கிட்டோ ஃப்ளாட் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தால் சுமார் அரை மைலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் ஏரிகள், வலது பக்கம் ஏறினால் மோனோ கணவாய். பலகை வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்காமல் வலது பக்கம் ஏறி, மூச்சு வாங்க முக்கால் மணி நேரம் போன பிறகுதான், போக வேண்டிய ஏரிகளெல்லாம் எனக்குக் கீழே கிடக்கின்றனவே என்று உறைத்தது. கண் பாதையில்தான் இருந்தது. ஆனால் மனசுக்குள் கோர்ட் நடந்துகொண்டிருந்தது. நானே வாதி, நானே வக்கீல், நானே நீதிபதி. எதிர்த்தரப்பு, ஒன்பது வருடம் கூட வாழ்ந்துவிட்டு ஏழு வாரத்துக்கு முன் பிரிந்துபோனவர். வழக்கில் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். வழியைத்தான் தவற விட்டேன்.

அன்று புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். துக்கமோ கோபமோ அவமானமோ, எதைச் சுமந்துகொண்டு மலைக்குப் போனாலும் அன்றைக்கு உங்களிடம் பாதி மூளைதான் இருக்கும். மீதிப் பாதி வேறெங்கோ வேலையாக இருக்கும். அதனால் பாதி மூளையால் சமாளிக்கக்கூடிய பயணமாகத் திட்டம் போட வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் செய்கிற தப்பு நேர் எதிரானது. பெரிய சிகரம், பத்து நாள் நடை, 'என்னை நானே நிரூபிக்கிறேன்' என்று கிளம்புவார்கள். நானும் முதலில் ஜான் மியூர் பாதையின் 211 மைலையும் நடக்கத்தான் கணக்குப் போட்டேன். நல்ல வேளை, பெர்மிட் கிடைக்கவில்லை.

கீழே சொல்வது கலிபோர்னியாவின் கிழக்கு சியராவில் ஒரு இரவு கார் பக்கத்திலும், மறு இரவு மூன்று மைல் உள்ளேயும் தங்கி வரும் பயணம். பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்களுக்குக் காரில் ஆறேழு மணி நேரத் தூரம்தான். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை அப்படியே அங்கே செய்துபார்க்க வேண்டாம். நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் உண்டு, அவலாஞ்சியில் பொரிப்பகமும் உண்டு. ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அப்புறம் யானை இருக்கிறது, அதற்கு உங்கள் துக்கமெல்லாம் தெரியாது.

போகலாமா, வேண்டாமா

இதுதான் முதல் படி. இதில் உங்களுக்கு நீங்களே பொய் சொல்லக் கூடாது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்து போகிறதா? பல நாளாகத் தூக்கமே இல்லையா? தினமும் குடித்தால்தான் இரவு நகர்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் தனியாகப் போகாதீர்கள். மலை எங்கும் போய்விடாது. அமெரிக்காவில் 988 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம். இந்தியாவில் இருந்தால் டெலி மானஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம். மலையில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் இரவு இரண்டு மணிக்கு யாரையாவது கூப்பிட்டால்தான் விடிகிறது என்றால், அங்கே அந்த இரண்டு மணிக்கு என்ன செய்வீர்கள்?

அப்படிப்பட்டவர்களுக்கும் மீன் பிடிக்க வழி இருக்கிறது. மாமத் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கன்விக்ட் ஏரி. கரை வரை கார் போகும், மீனும் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய அவசியம்கூட இல்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரையை மலைக்காக நிறுத்தாதீர்கள். லித்தியம் எடுப்பவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

இடமும் காலமும்

லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கு. 395 நெடுஞ்சாலையில் மாமத் தாண்டித் தெற்கே வந்தால் டாம்ஸ் பிளேஸ் என்ற சின்ன நிறுத்தம் வரும். அங்கே ராக் கிரீக் சாலையில் திரும்பிப் பத்து மைலுக்குச் சற்று அதிகமாக ஏறினால் மஸ்கிட்டோ ஃப்ளாட். கார் நிற்கும் இடமே 10,200 அடிக்கு மேல். வழக்கமாக நாள் முழுக்க ஏறிச் சேர வேண்டிய உயரத்தில் நீங்கள் காரிலிருந்து இறங்குகிறீர்கள். அங்கிருந்து மேக், மார்ஷ், ஹார்ட், பாக்ஸ், லாங் என்று வரிசையாக ஏரிகள். சுமார் மூன்று மைலில் சிக்கன்ஃபுட் ஏரி, உயரம் கிட்டத்தட்ட 10,800 அடி. மொத்த ஏற்றம் ஐந்நூறு அறுநூறு அடிதான். எதிரே பேர் கிரீக் ஸ்பயர் என்ற 13,700 அடிக்கு மேலான சிகரம். அதைப் பார்த்தால் போதும், ஏற வேண்டாம்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். ஜூனில் பாதையில் பனி கிடக்கலாம். ஜூலையில் கொசு. பெயரே மஸ்கிட்டோ ஃப்ளாட் என்று வைத்திருக்கிறார்கள், எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொசுவே வேண்டாம் என்பவர்கள் ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு போகலாம்.

பெர்மிட், லைசென்ஸ்

இது ஜான் மியூர் வில்டர்னஸ் பகுதி, இன்யோ தேசிய வனத்தின் கீழ் வருகிறது. இரவு தங்கப் பெர்மிட் வேண்டும். மே முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதி வரை ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 60 சதவீத இடங்கள் ஆறு மாதத்துக்கு முன்பும், மீதி 40 சதவீதம் இரண்டு வாரத்துக்கு முன்பும், காலை 7 மணிக்குத் திறக்கும். மனசு சரியில்லாதவர் ஆறு மாதத்துக்கு முன்பே திட்டம் போட்டிருக்க மாட்டார். அந்த இரண்டு வாரத்து ஜன்னல்தான் உங்களுக்கு. வார நாளில் கிளம்பும்படி பார்த்தால் எளிதாகக் கிடைக்கும்.

மீன் பிடிக்க 16 வயது ஆன எல்லோருக்கும் லைசென்ஸ் கட்டாயம். கலிபோர்னியாவில் ஆறு மாதம் வசித்திருந்தால் உள்ளூர்க் கட்டணம், வருடத்துக்குச் சுமார் 60 டாலர். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். ஒரு நாள் லைசென்ஸும் உண்டு. பிடிக்கும் எண்ணிக்கை, பருவம் எல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். மாநில மீன்வளத் துறையின் தளத்தில் அந்தந்த ஏரிக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பை

மொத்தம் 13 கிலோவுக்குள் முடிக்கப் பாருங்கள். ஒருவர் தங்கும் டென்ட், மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் காற்று மெத்தை. ஆகஸ்டில்கூட விடியற்காலை உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். மெத்தையை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, தண்ணீர் வடிகட்டி. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். அழுத்திப் பிழியும் வகை வடிகட்டி உள்ளே தண்ணீரோடு உறைந்தால் கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியாது. இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரடி டப்பா. கெட்டியான பிளாஸ்டிக்கில், கரடியால் திறக்க முடியாத மூடியோடு, ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். கிழக்கு சியராவின் பல இடங்களில் கட்டாயம், வாடகைக்குக் கிடைக்கும். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, கொசு மருந்து, மசாலாப் பொட்டலம், வாசனை வரும் எல்லாமே அதற்குள். இரவில் டென்டிலிருந்து நூறு அடி தள்ளி வைக்க வேண்டும். இங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான். அதற்கு உங்கள் மேல் ஆர்வம் கிடையாது, புளிக்காய்ச்சல் மேல் உண்டு.

சாப்பாட்டில் ஒரு சங்கதி. 10,000 அடியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, அரிசியும் உருப்படியாக வேகாது. அவல், வறுத்த ரவை, உடனடி அரிசி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, கடலை மிட்டாய் எடுத்துப் போங்கள். மாலை ஆறு மணிக் குளிரில் ஒரு டம்ளர் ரசம் செய்கிற வேலையை எந்த பாக்கெட் சூப்பும் செய்யாது. விறகு நெருப்புக்கு இந்த உயரத்தில் தடை, கேஸ் அடுப்புதான்.

சேட்டிலைட் மெசேஜ் கருவி ஒன்று கட்டாயம். கார்மின் இன்ரீச் போன்றவை வாடகைக்கும் கிடைக்கின்றன. ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் அவசர உதவிக்குச் சேட்டிலைட் வசதி இருக்கிறது. ஆனால் பேட்டரி இறங்கினால் எல்லாம் ஒன்றுதான், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வாங்கிய கையோடு மலைக்குக் கிளம்பாதீர்கள். டென்டை ஒரு தடவையாவது புல்வெளியில் அடித்துப் பாருங்கள். நான் அபார்ட்மென்ட் வாசலில் அடித்தபோது பக்கத்து வீட்டு மாமி வந்து, "வீட்டை விட்டு அனுப்பிட்டாளாப்பா?" என்று கேட்டார். அதையும் தாண்டித்தான் வந்தேன்.

வீட்டிலேயே எழுதி வைக்கும் அட்டை

இந்தப் பயணத்தின் மிக முக்கியமான சாமான் இதுதான், எடையே கிடையாது. தலை தெளிவாக இருக்கும் ஒரு காலையில் உட்கார்ந்து, மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளை முன்கூட்டியே எடுத்து எழுதிவிடுங்கள். என் அட்டையில் இருந்தவை இவை:

தலைவலியோடு வாந்தி வந்தால் உடனே இறங்கு.
மதியம் மேகம் கறுத்தால் தூண்டிலைச் சுருட்டு.
20 நிமிடத்துக்கு ஒரு தடவை மேப்பைப் பார்.
இரவில் அழுகை வந்தால் அழு. அதற்காக இரவில் நடக்காதே.
இருக்கப் பிடிக்கவில்லை என்றால் விடிந்ததும் கிளம்பு, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பிரதி ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். எந்த ஏரி, கார் நம்பர், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். நான் மதுரையில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். "ஏன்டா, துணைக்கு ஆளே இல்லையா உனக்கு?" என்றாள். "இருக்காங்கக்கா, கொஞ்ச நாள் வேண்டாம்னு இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தினமும் ராத்திரி சாப்பிட்டேன்னு ஒரு மெசேஜ் போடு, நான் காலையில பார்த்துக்கறேன்" என்றாள். இப்படி ஒரு ஆள் போதும்.

போனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் இல்லாவிட்டாலும் பழைய படங்களும் வாட்ஸ்ஆப் உரையாடல்களும் அதற்குள்ளேயே இருக்கும். டென்டுக்குள் படுத்துக்கொண்டு அதைத் தோண்ட ஆரம்பித்தால் பேட்டரியும் போகும், தூக்கமும் போகும். இருட்டிய பிறகு போனை அணைத்துக் காலுறைக்குள் போட்டுவிடுங்கள். ஒரு புத்தகம் எடுத்துப் போங்கள்.

முதல் நாள்

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 10,000 அடிக்கு வந்து அப்படியே நடக்காதீர்கள். முதல் இரவு ராக் கிரீக் ஏரிக்கரை முகாம் மைதானத்தில் கார் பக்கத்திலேயே தூங்குங்கள். அதுவே 9,600 அடிக்கு மேல். உடம்பு கொஞ்சம் பழகும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மதுவும், டாக்டர் சொல்லாமல் போடும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே உயரத்தில் தூக்கத்தின்போது மூச்சை மந்தமாக்கலாம்.

மறுநாள் காலையில் நடை. மனசுக்குள் கோர்ட் கூடினால் தடுக்கப் பார்க்காதீர்கள், தடுத்தால் அப்பீலுக்குப் போகும். கைக்கடிகாரத்தில் 20 நிமிட அலாரம் வைத்து, அடித்ததும் நின்று, மேப்பைப் பார்த்து, நிற்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு நடங்கள். வாதம் அது பாட்டுக்கு நடக்கட்டும், கால் மட்டும் சரியான பாதையில் இருந்தால் போதும்.

மதியத்துக்குள் ஏரியை அடைந்துவிடலாம். தண்ணீரிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, ஏற்கெனவே யாரோ தங்கிய வெறும் தரையில் டென்ட் அடியுங்கள், புல்லில் அல்ல. மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி ஆறு முதல் எட்டு அங்குலக் குழி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். நம் ஊர் முறைப்படி தண்ணீர் என்றால் இன்னும் வசதி, குழிக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

மார்மட் என்று அணில் இனத்துப் பெரிய பிராணி ஒன்று பாறை மேல் உட்கார்ந்து உங்களையே பார்க்கும். அதற்கு உப்பு வேண்டும். வியர்வை ஊறிய பை வாரைக் கடித்துக் குதறிவிடும். பையைக் கீழே போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நான்கு மணியும் இரவும்

டென்ட் அடித்து, தண்ணீர் எடுத்து, எல்லாம் முடிந்து பார்த்தால் மணி நான்குதான் ஆகியிருக்கும். அந்த நேரம்தான் மோசம். கைக்கு வேலை இல்லை, வெயில் சாய்கிறது, கேட்க ஆள் இல்லை. பலர் இந்த நேரத்தில்தான் டென்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். திரும்புவதில் தப்பில்லை, ஆனால் இருட்டில் திரும்பக் கூடாது. அதனால் தூண்டிலை காலையிலேயே எடுத்துவிடாமல் இந்த நான்கு மணிக்கென்று வைத்திருங்கள்.

இரவில் ஒன்று நடக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் இருக்காது. கண் அசரும்போது மூச்சு நின்ற மாதிரி ஆகி, திடுக்கென்று விழித்து, இதயம் படபடவென்று அடிக்கும். பதற்ற நோய் உள்ளவர்கள் 'ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்துவிடுவார்கள். உயரத்தில் தூங்கும்போது மூச்சு இப்படி விட்டுவிட்டு வருவது சகஜம், ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். எழுந்து உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். ஆனால் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு கதை. குறைந்தது ஆயிரம் அடியாவது கீழே இறங்க வேண்டும். தனியாக நடக்க முடியாத அளவு தள்ளாடினால் மெசேஜ் கருவியின் எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்துங்கள், கூச்சப்படாதீர்கள்.

தூண்டில்

ஊரில் மூங்கில் கழி, தக்கை, மண்புழு என்று பிடித்தவர்களுக்கு இங்கே புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஐந்தாறு துண்டாகக் கழற்றும் சின்னக் கழி, சின்ன ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பு. முள்ளில் புழுவுக்குப் பதில், இழுக்கும்போது சுழலும் அல்லது ஆடும் உலோகத் தகடு. பாந்தர் மார்ட்டின், காஸ்ட்மாஸ்டர் என்று கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் பாறையில் மாட்டிப் போகும். முள்ளில் திரும்பி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீனிலிருந்தும் கழற்ற எளிது, உங்கள் விரலிலிருந்தும் கழற்ற எளிது. தனியாக இருக்கும்போது இரண்டாவதுதான் முக்கியம்.

முடிச்சு: நரம்பைத் தகட்டின் கண்ணியில் கோத்து, அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணிக்குப் பக்கத்தில் உண்டான வளையத்துக்குள் விட்டு, மறுபடி பெரிய வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். எச்சில் தொடாமல் இறுக்கினால் நரம்பு சூடேறி வலுவிழக்கும்.

வீச்சு: ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்து, ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, கழியைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது விரலை விடுங்கள். தகடு விழுந்ததும் வளையத்தைக் கையால் மூடி, மெதுவாகச் சுற்றுங்கள். ஓடை ஏரிக்குள் வந்து விழும் வாய், ஏரியிலிருந்து வெளியேறும் வாய், தண்ணீர் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் விளிம்பு, இந்த மூன்றில்தான் மீன் இருக்கும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் நில்லுங்கள்.

நான் நின்ற இடம் எல்லாம் சரி. ஆனால் கோபம் கைக்கு இறங்கிவிட்டது. முதல் பத்து வீச்சு யாரையோ அடிக்கிற மாதிரி வீசினேன். பதினோராவது வீச்சில் நரம்பு ரீலிலிருந்து கொத்தாக வெளியே வந்து, காக்கா கூடு மாதிரி ஒரு சிக்கு விழுந்தது. அறுத்து எறிந்திருக்கலாம். ஆனால் ரீலில் இருந்ததைத் தவிர வேறு நரம்பு கொண்டுபோகவில்லை. பாறையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். நடுவில் பிடித்து இழுத்தால் இறுகியது. சின்ன வயதில் அம்மா அக்காவுக்குச் சிக்கெடுப்பாள், நுனியில் தொடங்கி ஒவ்வொரு விரற்கடையாக மேலே வருவாள், அடியில் கையே வைக்க மாட்டாள். அப்படிச் செய்தேன். ஒரு வளையத்தைத் தளர்த்தி, தகட்டை அதன் வழியாக விட்டு, அடுத்த வளையம். கண் பக்கத்தில் கொசு, விரல் நுனி விறைத்துப் போயிருந்தது. கடைசி முடிச்சு கழன்று நரம்பு நேராகத் தொங்கியபோது வெயில் ஏரியை விட்டு எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் கோர்ட் கூடவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உடனே கூடிவிட்டது, அது வேறு.

நீங்கள் ஒரு சின்னச் சுருள் நரம்பு கூடுதலாகக் கொண்டுபோங்கள். இருந்தாலும் முதல் சிக்கை அறுக்காமல் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று: இக்காலத் தூண்டில் கழிகள் பெரும்பாலும் கார்பன் இழை. அது மின்சாரம் கடத்தும். ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் சியராவில் திடீரென்று இடி மின்னல் வரும். இடிச் சத்தம் கேட்டால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கழியைக் கீழே வைத்துவிட்டு, திறந்த கரையை விட்டு விலகித் தாழ்வான மரக்கூட்டத்துக்குள் போய்விடுங்கள். தனியாக நிற்கும் உயர மரத்தடி வேண்டாம்.

மீன் கிடைத்தால்

இங்கே அதிகம் கிடைப்பது புரூக் ட்ரவுட். ஒரு சாண் நீளம் இருந்தால் பெரிது. முதுகில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித் துடுப்பின் விளிம்பில் சுண்ணாம்பு தீட்டிய மாதிரி வெள்ளைக் கோடு. பிறந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம். சியராவின் உயரமான ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு காலத்தில் மீனே கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து கோவேறு கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தும் கொட்டினார்கள். 1876-ல் ஒருவர் தங்க ட்ரவுட்டைக் காப்பிப் பாத்திரத்தில் வைத்து அடுத்த ஓடைக்கு எடுத்துப் போனார். இதற்கெல்லாம் விலை கொடுத்தது மஞ்சள் கால் தவளை. அதன் தலைப்பிரட்டைகளை மீன்கள் தின்று தீர்த்தன, 2014-ல் அது அழியும் இனப் பட்டியலில் சேர்ந்தது. சில ஏரிகளிலிருந்து இப்போது மீனை அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அளவுக்குள் இரண்டு புரூக் ட்ரவுட்டைத் தின்றால் மலைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் தின்பதா விடுவதா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு, கையில் துடிக்கும் ஓர் உயிரை அடிப்பது நினைத்ததை விடக் கடினமாக இருக்கலாம். விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, அதுவாக நழுவும் வரை காத்திருங்கள். தின்பதென்றால் தாமதிக்காமல் கல்லால் தலையில் ஒரே அடி. பாதி மனசோடு அடிப்பதுதான் கொடுமை. எனக்கு முதல் மீனை அடிக்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். இரண்டாவதற்கு வந்தது. பசி.

ட்ரவுட்டுக்குச் செதில் உரசும் வேலை இல்லை. கீழ்த்துளையிலிருந்து செவுள் வரை கீறி, குடலை ஒரே இழுப்பில் எடுத்து, முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கறுத்த ரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தால் முடிந்தது. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, சின்னத் தட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மும்மூன்று நிமிடம். டென்டிலிருந்து தள்ளி, காற்று டென்ட் பக்கம் அடிக்காத இடத்தில் சமையுங்கள். குடலை என்ன செய்வது என்பது இடத்துக்கு இடம் வேறு, பெர்மிட் வாங்கும்போதே ரேஞ்சரிடம் கேட்டுவிடுங்கள். எங்கேயும் செய்யக் கூடாதது, அதைக் கரையில் போட்டுவிட்டு வருவது. சமைத்தபோது போட்டிருந்த துணியோடு தூங்காதீர்கள், துடைத்த காகிதமும் கரடி டப்பாவுக்குள் போகட்டும்.

சாப்பிட்ட பிறகு மெசேஜ் கருவியில் 'சாப்பிட்டேன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: என்ன சாப்பிட்ட? மீன் என்றேன். அதற்கு அக்கா, முள்ளைப் பார்த்துத் தின்னு என்று எழுதியிருந்தாள்.

இறங்கும் நாள்

மூன்றாம் நாள் காலையில் அவசரப்படாமல் கட்டுங்கள். வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இடம் இருக்க வேண்டும். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது, பறவைக் காலில் சுற்றும். இறங்கும்போதும் 20 நிமிட அலாரம் ஓடட்டும், வீட்டு நினைப்பு வந்தால் வழி தவறும்.

மலைச் சாலையை விட்டு 395-க்கு வந்ததும் போன் உயிர் பெற்று மூன்று நாள் மெசேஜ்களை ஒட்டுமொத்தமாகக் கொட்டும். முதலில் அட்டையின் பிரதி வைத்திருப்பவருக்கு 'இறங்கிவிட்டேன்' என்று சொல்லுங்கள், மற்றது எதையும் திறக்காதீர்கள். வக்கீல் மெயிலாக இருந்தால் நிச்சயம் திறக்காதீர்கள். ஆறு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது. பிஷப்பிலோ மாமத்திலோ நன்றாகச் சாப்பிட்டு, களைப்பாக இருந்தால் ஒரு இரவு தங்கிவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டென்டை விரித்துக் காயப் போடுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். ரீலை ஈரத் துணியால் துடையுங்கள். வாடகை டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள், என் டப்பாவில் புளிக்காய்ச்சல் வாடை போக மூன்று தடவை கழுவ வேண்டியிருந்தது. கழியும் தகடுகளும் இப்போது கார் டிக்கியில்தான் இருக்கின்றன. லைசென்ஸில் இன்னும் 218 நாள் பாக்கி இருக்கிறது.